அத்தியாயம் 7: அடிக்கடி நின்றுபோகும் ஃபர்னஸ்

குளிர்கால இரவில் ஃபர்னஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால், "என்ன பழுது?" என்று தேடத் தொடங்குவதற்கு முன் "எப்போது நிற்கிறது?" என்று பாருங்கள். நெருப்பு பற்றுவதற்கு முன்பே நிற்கிறதா? பற்றி ஐந்தாறு விநாடியில் அணைகிறதா? சில நிமிடம் நன்றாக எரிந்த பிறகு அணைகிறதா? இதில் எது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பெருமளவு சுருங்கிவிடும்.

ஃபர்னஸ் தானாக நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், அதற்குள் இருக்கும் காவல் சுவிட்ச் ஒன்று எரிவாயுவை மூடியிருப்பதுதான். எரிந்த புகை வெளியேற வழியில்லை, நெருப்பு எரிவது உறுதியாகவில்லை, சூடு அளவு மீறிவிட்டது என்று ஏதோ ஒன்றைக் கண்டுதான் அது மூடுகிறது. அந்தச் சுவிட்சின் வயர்களை ஒன்றோடொன்று இணைத்து ஃபர்னஸை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அப்படிச் செய்ய ஒருவரையும் விடாதீர்கள். காவல் இல்லாத ஃபர்னஸின் மேல்தான் அன்றிரவு பிள்ளைகள் படுத்துறங்கப் போகிறார்கள்.

இந்த அத்தியாயம் ஒன்ராறியோவில் இயற்கை எரிவாயுவில் ஓடும், வீடு முழுக்கக் குழாய் வழியே சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸ்களைப் பற்றியது. 2010 முதல் தயாராகும் வீட்டு ஃபர்னஸ்களுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் வேண்டும் என்றும், 2019 ஜூலை முதல் தயாராகுபவற்றுக்கு 95 சதவீதம் வேண்டும் என்றும் கனடா அரசு விதித்திருக்கிறது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் இப்போது இருப்பது, சுவரைத் துளைத்துப் பிளாஸ்டிக் குழாய் வெளியே போகும் உயர்திறன் ஃபர்னஸ்தான்.

முதலில் உயிர், பிறகு சூடு

இயற்கை எரிவாயுவுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டை நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் நின்று தொலைபேசியில் பேசவும் வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். அங்கிருந்து 911-ஐ அல்லது உங்கள் எரிவாயு பில்லில் அச்சிட்டிருக்கும் அவசர எண்ணை அழையுங்கள்.

கார்பன் மோனாக்சைடு இன்னும் மோசமானது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் தணிகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அலாரம் அடித்தால் பற்றரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக் கழற்றி வைக்காதீர்கள். வெளியேறி 911-ஐ அழையுங்கள்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் உட்ஸ்டாக் நகரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தின் பெற்றோரும் இரு பிள்ளைகளும் இந்த வாயுவால் இறந்தார்கள். அவர்கள் வீட்டு எரிவாயு நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டிருந்தது. அவர்கள் பெயரைத் தாங்கிய சட்டம் வந்த பிறகு, 2014 அக்டோபர் 15 முதல், எரிபொருள் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானது. பேஸ்மென்டில் ஆட்கள் குடியிருந்தால் அங்கும் ஒன்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. காலாவதி ஆண்டு அதன் முதுகில் அச்சிட்டிருக்கும்.

எரிவாயுக் குழாய், வால்வு, பர்னர் ஆகியவை உரிமம் பெற்ற எரிவாயு டெக்னீஷியனின் பொறுப்பு. ஒன்ராறியோவில் அந்த உரிமத்தை வழங்குவது டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பு. ஃபில்டர், காற்று வாய்கள், தெர்மோஸ்டாட், வெளிச்சுவரில் உள்ள குழாய் வாய், தண்ணீர் வடியும் டியூப் ஆகியவை உங்கள் பொறுப்பு. நடுக்குளிரில் ஃபர்னஸ் நிற்பதற்கு இந்த இரண்டாவது பட்டியலே பல வீடுகளில் காரணமாக இருக்கிறது.

நன்றாக ஓடும் ஃபர்னஸ் என்ன செய்யும்

நோயைக் காண உடல்நலம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஃபர்னஸ் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில்தான் வேலை செய்யும்.

1. முதலில் ஒரு சிறிய விசிறி 'உம்' என்று சுழலத் தொடங்கும். இது வீட்டுக்குக் காற்று அனுப்பும் பெரிய விசிறி அல்ல; எரிந்த புகையை வெளியே தள்ளும் விசிறி.
2. புகைவழி திறந்திருந்தால் அந்த விசிறியின் இழுப்பில் அழுத்தச் சுவிட்ச் மூடிக்கொள்ளும். மெல்லிய 'டிக்' ஒன்று கேட்கும்.
3. பற்றவைக்கும் கம்பி செம்மஞ்சளாகத் தகதகக்கும். இதற்குச் சுமார் கால் நிமிடம் பிடிக்கலாம்.
4. எரிவாயு வால்வு 'கிளிக்' என்று திறக்கும். பர்னர்கள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வரிசையாகப் பற்றும். நெருப்பு நீலமாக, அசையாமல் இருக்க வேண்டும்.
5. நெருப்பு உணரி என்ற சிறு கம்பி, "எரிகிறது" என்று கட்டுப்பாட்டு போர்டுக்குச் சில விநாடிகளுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வால்வு மூடிவிடும்.
6. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் பெரிய விசிறி ஓடத் தொடங்கி, அறைகளுக்குச் சூடான காற்றை அனுப்பும்.
7. தெர்மோஸ்டாட்டில் வைத்த சூடு வந்ததும் நெருப்பு அணையும். பெரிய விசிறி மட்டும் இன்னும் ஓரிரு நிமிடம் ஓடி, மீந்த சூட்டை வெளியே தள்ளிவிட்டு நிற்கும்.

சாதாரணக் குளிரில் ஒரு சுற்று பத்துப் பதினைந்து நிமிடம் நீடிக்கும். வெளியே மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் ஃபர்னஸ் கிட்டத்தட்ட நிற்காமலே ஓடலாம். அது பழுது அல்ல. வீடு இழக்கும் சூட்டை அது ஈடுகட்டுகிறது. கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்தில்: வைத்த சூடு வருவதற்கு முன்பே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால்தான்.

ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் ஃபர்னஸுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றைப் பாருங்கள். முன்பலகையில் சிறு கண்ணாடி வட்டம் இருக்கும். அதன் வழியே பர்னர் நெருப்போ, மின்னும் எல்.இ.டி. விளக்கோ தெரியும். மேலே கூறிய ஏழு படிகளில் எது வரை வந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தில் விநாடியையும் பாருங்கள்.

அந்த எல்.இ.டி. விளக்கு மின்னும் எண்ணிக்கையே பழுதின் குறியீடு. எந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்ற அட்டவணை கீழ்ப்பலகையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஒரு தயாரிப்பின் மூன்று மின்னல் இன்னொரு தயாரிப்பில் வேறு பொருள் தரும். ஆகவே அந்த அட்டவணையை மட்டுமே நம்புங்கள். மின்சாரத்தை அணைத்தால் சில ஃபர்னஸ்களில் குறியீடு அழிந்துபோகும். பலகையைக் கழற்றினாலும் அதன் பின்னாலுள்ள சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும். எனவே எதையும் தொடுவதற்கு முன், கண்ணாடி வழியே அந்த மின்னலைத் தொலைபேசியில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள்.

சில முறை பற்றவைத்துப் பார்த்தும் முடியாவிட்டால் ஃபர்னஸ் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பல மாடல்கள் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி முயலும். "காலையில் தானாகவே சரியாகிவிட்டது" என்று பலர் நினைப்பது இதைத்தான். பழுது அப்படியேதான் இருக்கிறது. ஃபர்னஸின் மின்சாரத்தை அரை நிமிடம் அணைத்துப் போட்டால் பூட்டு விடுபடும். இதை ஒரு முறை செய்யலாம். திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்காதீர்கள்.

முதலில் விலக்க வேண்டியவை

சுவிட்ச்: ஃபர்னஸுக்கென்று சுவரிலோ பேஸ்மென்ட் படிக்கட்டு ஓரத்திலோ தனிச் சுவிட்ச் இருக்கும். பார்வைக்கு லைட் சுவிட்ச் போலவே இருப்பதால் யாராவது தெரியாமல் அணைத்துவிடுவதுண்டு. பேஸ்மென்டில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அதைக் காட்டிக் கொடுங்கள். மேலே ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவிடுங்கள்.

கதவு: கீழ்ப்பலகை சரியாகப் பொருந்தாவிட்டால் அதன் பின்னால் இருக்கும் சுவிட்ச் மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிடும். ஃபில்டர் மாற்றிய அன்றே பிரச்சினை தொடங்கியதென்றால் முதலில் இந்தப் பலகையைத்தான் பார்க்க வேண்டும். பலகை ஆடினால், ஃபர்னஸின் அதிர்விலேயே சுவிட்ச் விட்டு விட்டுப் பிடிக்கும்.

தெர்மோஸ்டாட்: திரை மங்கியிருந்தால் பற்றரியை மாற்றுங்கள். விசிறி 'ஆன்' என்பதில் இருந்தால் நெருப்பு இல்லாத நேரத்திலும் காற்று வரும். அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 'ஆட்டோ'வில் வைத்துப் பாருங்கள்.

நெருப்பு பற்றுவதற்கு முன்பே நின்றால்

சிறு விசிறி சுழல்கிறது, ஆனால் கம்பி தகதகக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விசிறியும் நிற்கிறது. இது அழுத்தச் சுவிட்ச் மூடவில்லை என்பதன் அடையாளம். புகை வெளியேறும் வழியில் ஏதோ தடை இருக்கிறது.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்டனிலும் நெருக்கிக் கட்டிய வீடுகளில் இந்தக் குழாய் வாய்கள் பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்கு இடையிலான ஒடுங்கிய சந்தில்தான் இருக்கும். நடைபாதையை வழித்த பனியைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அதே சந்தில்தான். பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் ஃபர்னஸ் நின்றால் காரணம் அநேகமாக அங்கே குவிந்து கிடக்கும். குழாய் வாயைச் சுற்றிலும் கீழேயும் ஓர் அடிக்காவது பனி இல்லாமல் வழித்துவிடுங்கள். வாயில் பனிக்கட்டி பிடித்திருந்தால் மண்வெட்டியால் அடிக்காதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் குழாய் எளிதில் வெடித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கரைய விடுங்கள். இலையுதிர் காலத்தில் என்றால் சருகையும் குளவிக்கூட்டையும் தேடுங்கள்.

வெளியே தடை இல்லையென்றால் அடுத்து தண்ணீரைப் பாருங்கள். உயர்திறன் ஃபர்னஸ் புகையில் உள்ள சூட்டைக் கடைசித் துளி வரை பிழிந்தெடுக்கிறது. அப்போது புகையிலுள்ள நீராவி தண்ணீராகிறது. கடுங்குளிரில் ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீர் இப்படிச் சேரும். அது ஒரு வளைவுக் குப்பி வழியாக டியூப்பில் இறங்கித் தரைவடிகாலுக்கோ சிறு பம்புக்கோ போக வேண்டும். வழி அடைபட்டால் தண்ணீர் ஃபர்னஸுக்குள்ளேயே ஏறும். விசிறியின் இழுப்பு அழுத்தச் சுவிட்சை எட்டாது. ஃபர்னஸ் நிற்கும். கொஞ்சம் தண்ணீர் தானாக வடிந்த பிறகு மறுபடி ஓடும். ஒழுங்கில்லாமல் நிற்பதும் ஓடுவதுமாக இருக்கும் ஃபர்னஸில் இதை மறக்காமல் பாருங்கள். உள்ளே 'களக் களக்' என்று தண்ணீர் அலம்பும் ஒலி கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

டியூப்பைத் தரைவடிகால் வரை கண்ணால் பின்தொடருங்கள். எங்காவது மடங்கியிருக்கிறதா, மேல் ஏதாவது பெட்டி ஏறி நிற்கிறதா, குளிர்ந்த சுவரோரம் உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர்கண்டிஷனரின் தண்ணீரும் இதே டியூப்பில் இறங்கும் வீடுகளில் கோடையில் படிந்த வழுவழுப்பான பாசி குளிர்காலத்தில் வந்து அடைக்கும். பம்ப் இருந்தால் அதன் பிளக் மாட்டியிருக்கிறதா, தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி வழியப்போனால் ஃபர்னஸையே நிறுத்தும் சுவிட்ச் பல பம்புகளில் உண்டு.

கழற்றக்கூடிய குப்பி என்றால் கழுவலாம். ஃபர்னஸ் சுவிட்சை அணையுங்கள். கீழே பழைய துவாயும் ஒரு பேசினும் வையுங்கள். பிடியைத் தளர்த்தி எடுக்கும்போது கறுத்த தண்ணீர் கொட்டும். அது அமிலத்தன்மை உடையது, ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரில் அலசிச் சேற்றை எடுங்கள். திரும்ப மாட்டுவதற்கு முன் குப்பியில் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். அந்தத் தண்ணீர்தான் புகை டியூப் வழியாக வீட்டுக்குள் வராமல் அடைத்து நிற்கும். வெறுங்குப்பியை மாட்டிவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அழுத்தச் சுவிட்ச் குறியீடே வந்தால் விசிறி தளர்ந்திருக்கலாம், சுவிட்சுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது சுவிட்சே கெட்டிருக்கலாம். இனி டெக்னீஷியன்தான் பார்க்க வேண்டும்.

விசிறி ஓடி, 'டிக்' கேட்டும் கம்பி தகதகக்கவே இல்லையென்றால் பற்றவைக்கும் கம்பி உடைந்திருக்கக்கூடும். பீங்கான் போல நொறுங்கும் பொருள் அது. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை சுட்டுக் குளிர்ந்து கடைசியில் விரிசல் விடும். தேய்ந்து போவது அதன் இயல்பு. புதிதாக மாற்றினால் தீர்ந்துவிடும். விரலால் மட்டும் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடித்துவிடும்.

பற்றி, சில விநாடியில் அணைந்தால்

பர்னர்கள் அழகாகப் பற்றுகின்றன. ஐந்தாறு விநாடி எரிகின்றன. 'கிளிக்'. அணைந்துவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. மூன்று நான்கு முறைக்குப் பிறகு பூட்டு. இந்த அடையாளத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பெரும்பாலும் நெருப்பு உணரியில் அழுக்கு படிந்திருக்கும்.

உணரி வெறும் ஓர் உலோகக் கம்பி, பென்சிலைவிட மெல்லியது, ஒரு முனையில் வெள்ளைப் பீங்கான், அதிலிருந்து ஒற்றை வயர். நெருப்புக்கு மின்சாரம் கடத்தும் தன்மை கொஞ்சம் உண்டு. கட்டுப்பாட்டு போர்டு உணரிக்கு மாறுதிசை மின்சாரம் அனுப்புகிறது. நெருப்பு அதை ஒரே திசையில் மட்டும் தாராளமாகக் கடத்துவதால், ஒருசில மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு ஒருதிசை மின்சாரம் கிடைக்கிறது. ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய ஓட்டத்தை மறைக்கக் கம்பியின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத படலம் ஒன்று போதும். நெருப்பு எரிகிறது, போர்டுக்கு அது தெரியவில்லை. எரியாத வாயு வீட்டுக்குள் பரவிவிடக்கூடாது என்று அது வால்வை மூடிவிடுகிறது.

பேஸ்மென்டில் புதுச்சுவர் எழுப்பிய வீடுகளில் இது சீக்கிரமே வரும். டிரைவாலைத் தேய்க்கும்போது பறக்கும் வெள்ளைத் தூசு, பேஸ்மென்டிலிருந்தே காற்றை எடுத்து எரிக்கும் ஃபர்னஸின் நெருப்புக்குள் போய்க் கம்பியில் சுட்டுப் படியும். அந்த வேலை நடக்கும்போது ஃபர்னஸை நிறுத்தி வைப்பதும், முடிந்ததும் ஃபில்டரை மாற்றுவதும் நல்லது.

டெக்னீஷியன் இதைச் சரிசெய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மின்சாரத்தையும் எரிவாயுவையும் அணைப்பார். ஒற்றைத் திருகைக் கழற்றிக் கம்பியைப் பக்குவமாக வெளியே இழுப்பார். நுண்ணிய எஃகுக் கம்பளியால் அதைச் சாம்பல் நிறம் போய் உலோகம் தெரியும் வரை நாலு இழுப்பு தேய்ப்பார். உலர்ந்த துணியால் துடைத்து, பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மாட்டிய பிறகு மீட்டரை வைத்து மைக்ரோ ஆம்பியரை அளப்பார். மொத்தமே கால் மணி நேர வேலை. இந்த அளவைக்கூட எடுக்காமல் "போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், உணரி என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். சுத்தம் செய்தும் அளவு ஏறாவிட்டால் அடுத்து தரைவயர் இணைப்பையும் எரிவாயு அழுத்தத்தையும் அவர் பார்ப்பார்.

சில நிமிடம் எரிந்து அணைந்தால்

நெருப்பு பற்றியது, பெரிய விசிறி ஓடியது, சூடான காற்றும் வந்தது. மூன்று நான்கு நிமிடத்தில் நெருப்பு மட்டும் அணைகிறது. விசிறி நிற்காமல் ஓடுகிறது. வரும் காற்று மெல்ல மெல்லக் குளிர்கிறது. பிறகு நெருப்பு திரும்பப் பற்றுகிறது. இங்கே வேலை செய்தது சூட்டு எல்லைச் சுவிட்ச். சூட்டை எடுத்துப்போகப் போதிய காற்று இல்லாததால் ஃபர்னஸின் உடம்பு அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது.

முதல் சந்தேகம் ஃபில்டர். வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லையென்றால் காற்றும் ஊடுருவாது. ஓர் அங்குலத் தடிப்பு ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். அதிகம் போனால் மூன்று மாதம். நான்கு, ஐந்து அங்குலத் தடிப்புள்ளவை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். புதியதில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நாளும் தாளிப்பும் பொரியலும் நடக்கும் வீட்டில் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து படிவதால் ஃபில்டர் இன்னும் சீக்கிரம் அடையும். சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியை ஓடவிடுங்கள்.

விலை கூடியது எப்போதும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஃபில்டரின் பிடிக்கும் திறனைக் காட்டும் மெர்வ் எண் ஏற ஏற, அது நுண்ணிய தூசையும் பிடிக்கும். காற்றையும் அதிகம் தடுக்கும். ஓர் அங்குல ஃபில்டரில் மெர்வ் 13 போட்ட நாளிலிருந்து ஃபர்னஸ் நிற்கத் தொடங்கியதென்றால் மெர்வ் 8-க்கு இறங்கிப் பாருங்கள். ஃபில்டரே காரணமா என்று உறுதிசெய்ய, அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு சுற்று ஓட விடுங்கள். நிற்காமல் ஓடினால் விடை கிடைத்துவிட்டது. உடனே புதியதை மாட்டுங்கள்.

அடுத்து காற்று வாய்கள். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று வாய்களை மூடிவைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஃபர்னஸ் உண்டாக்கும் சூடு அதனால் குறையாது. போகும் வழி மட்டும் குறையும். எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். காற்று திரும்பி வரும் பெரிய வாய்களின் முன்னால் சோபாவோ அரிசி மூட்டையோ நிற்கிறதா என்றும் பாருங்கள். மேல்வீட்டுக்கும் பேஸ்மென்டுக்கும் ஒரே ஃபர்னஸ் என்றால், கீழே இருப்பவர்கள் புழுக்கம் தாங்காமல் தங்கள் வாய்களை அடைத்திருக்கலாம். அவர்களோடு பேசித் தெர்மோஸ்டாட்டை இருவருக்கும் ஒத்த அளவில் வையுங்கள். வாடகைக்கு விடுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: வாடகையோடு சூடும் தருவதாக இருந்தால், செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் விதி. நகராட்சி விதி இதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம்.

ஃபில்டரும் வாய்களும் சரி என்றால் எஞ்சியவை டெக்னீஷியனுக்கு: விசிறிச் சக்கரத்தில் படிந்த தூசு, தளர்ந்த மோட்டார், ஃபர்னஸின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஏர்கண்டிஷனர் காயிலில் அடைந்த அழுக்கு. இந்தச் சுவிட்ச் நாளுக்குப் பல முறை வேலை செய்துகொண்டே இருக்க விடாதீர்கள். நெருப்பையும் வீட்டுக் காற்றையும் பிரித்து நிற்கும் வெப்பமாற்றி, அளவு மீறிச் சுட்டுச் சுட்டுக் கடைசியில் விரிசல் விடும். பத்து டொலர் ஃபில்டரில் முடிய வேண்டிய செலவு அப்போது முழு ஃபர்னஸ் செலவாகிவிடும்.

பழுதே இல்லாமல் அடிக்கடி நின்றால்

எல்லாப் படிகளும் ஒழுங்காக நடந்து, அணைவதும் முறைப்படி நடந்து, ஆனால் சுற்றுகள் மட்டும் மிகக் குறுகியிருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று தெர்மோஸ்டாட் இருக்கும் இடம். சூடான காற்று வாய்க்கு எதிரிலோ, வெயில் விழும் சுவரிலோ, தொலைக்காட்சிக்கு மேலோ இருந்தால் வீடு சூடாவதற்குள் அது மட்டும் சூடாகிவிடும். இரண்டு, ஃபர்னஸின் அளவு. உள்ளே செலுத்தும் எரிவாயுவைப் பி.டி.யூ. கணக்கில் குறிப்பிடுவார்கள். 60 சதவீதத் திறனுள்ள பழைய 1,00,000 பி.டி.யூ. ஃபர்னஸ் வீட்டுக்குக் கொடுத்தது 60,000. அதே எண்ணைப் பார்த்து 95 சதவீத ஃபர்னஸ் வாங்கினால் அது 95,000 கொடுக்கும். வீடு சில நிமிடத்தில் சூடாகும், ஃபர்னஸ் நிற்கும், திரும்ப ஓடும். வாங்கிய பிறகு இதற்கு முழுத் தீர்வு இல்லை. புதிது வாங்கும்போது வீட்டின் சூட்டிழப்பைக் கணக்கிட்டு அளவு சொல்லும்படி கேளுங்கள். அதற்கான கனடிய நெறிமுறையின் பெயர் சி.எஸ்.ஏ. எஃப்280.

கை வைக்கவே கூடாத ஒன்று

பர்னர்களுக்கு அருகே நடுவில் சிறு பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கும். நெருப்பு தன் இடத்தை விட்டு வெளியே எட்டிப் பார்த்தால்தான் அது விழும். பொத்தானை அழுத்தினால் ஃபர்னஸ் ஓடத்தான் செய்யும். அழுத்தாதீர்கள். நெருப்பு ஏன் வெளியே வந்தது என்று தெரியும் வரை ஃபர்னஸை அணைத்து வையுங்கள். நீல நெருப்பு மஞ்சளாக ஆடினாலும், பெரிய விசிறி ஓடத் தொடங்கியதும் நெருப்பு நடுங்கினாலும், முன்பலகையில் கரி படிந்திருந்தாலும் இதையே செய்யுங்கள்.

டெக்னீஷியனை அழைக்கும்போது

"ஃபர்னஸ் வேலை செய்யேல்லை" என்று மட்டும் சொன்னால் வருபவர் வெறுங்கையோடு வருவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"தம்பி, நெருப்பு பிடிக்குது, ஆனா அஞ்சாறு செக்கனில அணைஞ்சு போகுது. நாலு தரம் அப்பிடிச் செய்துபோட்டு நிண்டிட்டுது. ஃபில்டர் போன கிழமைதான் மாத்தினது. லைட் மின்னுறதை வீடியோ எடுத்து வைச்சிருக்கிறன், அனுப்பட்டோ?"

"அனுப்புங்கோ அக்கா. மாடல் நம்பரையும் ஒரு படம் எடுத்து விடுங்கோ. பாகம் தேவைப்பட்டா கையோட கொண்டு வாறன்."

இந்தச் சிறு பேச்சு இரண்டாவது வருகைக் கட்டணத்தை மிச்சப்படுத்தக்கூடும். வருபவரிடம் உரிம அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. ஃபர்னஸ் வாடகைக்கு எடுத்தது என்றால் முதலில் அந்த நிறுவனத்தை அழையுங்கள். பழுதுபார்ப்பும் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கலாம்.

"வெப்பமாற்றி வெடித்திருக்கிறது, இன்றே புதிது போட வேண்டும்" என்று சொன்னால் விரிசலைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகவே விரிசல் இருந்தால் அது ஆபத்து. அவர் சிவப்புச் சீட்டு மாட்டி எரிவாயுவை மூடினால் அதை மீறாதீர்கள். ஆனால் புதிய ஃபர்னஸை அவரிடமே, அந்த நிமிடமே வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இன்னொருவரிடமும் விலை கேளுங்கள். அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்திருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத முதியவர்கள் வீட்டில் தனியாக இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

சூடு வராத இரவு

டெக்னீஷியன் வரும் வரை எல்லோரும் ஒரே அறையில் கூடிக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மின்சார ஹீட்டரை நீட்டிப்பு வயரில் மாட்டாமல் நேரே சுவரில் மாட்டுங்கள். மெத்தை, திரைச்சீலை எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். எரிவாயு ஓவனைத் திறந்து வைத்துக் குளிர்காய்வதும், பார்பிகியூ அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிரைப் பறிக்கும். வெளிச்சுவரோரக் குழாய்கள் உறையாமல் இருக்க, குசினி, குளியலறைக் குழாய்களை மெல்லிய நூல்போல ஓட விடுங்கள். தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு ஒழுங்கு

* செப்டம்பர்: குளிர் தொடங்குமுன் டெக்னீஷியனை அழைத்து முழுச் சோதனை. உணரியைத் துடைக்கவும் தண்ணீர்க் குப்பியைக் கழுவவும் சொல்லிக் கேளுங்கள்.
* அக்டோபர்: வெளிக்குழாய் வாயில் சருகும் கூடும் இல்லாமல் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அழுத்திச் சோதியுங்கள்.
* நவம்பர் முதல் மார்ச் வரை: மாதம் ஒருமுறை ஃபில்டர், ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் வெளிக்குழாய்.
* ஏப்ரல்: ஃபர்னஸைச் சுற்றி அடுக்கிய பெட்டிகளை அகற்றுங்கள். பிளீச், பெயின்ட் தின்னர் போன்றவற்றை அந்த அறையிலேயே வைக்காதீர்கள். அவற்றின் ஆவி நெருப்புக்குள் போனால் உலோகத்தை அரிக்கும்.

ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டி, ஃபில்டர் மாற்றிய நாள், டெக்னீஷியன் வந்த நாள், அவர் மாற்றிய பாகம், அளந்த மைக்ரோ ஆம்பியர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஃபர்னஸ் நின்ற நாட்களையும், எந்தப் படியில் நின்றது என்பதையும் அதே தாளில் சேருங்கள். வெவ்வேறு நாட்களில் வந்தவை போலத் தோன்றும் சின்னச் சின்னப் பிரச்சினைகள் ஒரே காரணத்தால் வந்தவை என்பது பல நேரம் அந்தத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.